ஒலிக்கூடம் கேள்வி–பதில்: டிலேக்குள் எக்கோ மட்டும்தான் இருக்கிறதா?

இந்த முறை டிலே பற்றி, அதாவது ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவியைப் பற்றி, வந்த கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் வேறு வேறு மாதிரி கேட்டிருந்ததால் சிலவற்றைச் சுருக்க வேண்டியதாயிற்று, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: செகண்ட்ஹேண்டில் ஒரு பழைய ரேக் டிஜிட்டல் டிலே வாங்கினேன். டைம், ஃபீட்பேக், மிக்ஸ், மாடுலேஷன் ரேட், டெப்த் என்று ஐந்து குமிழ்கள். எதைத் திருகினாலும் கடைசியில் அதே எக்கோதான் வருகிறது. இதை வைத்து வேறு என்ன செய்யலாம் சார்?

பதில்: எதைத் திருகினாலும் என்கிறீர்கள், ஆனால் டைம் குமிழை 200 மில்லி செகண்டுக்குக் கீழே கொண்டுபோயே இருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. விளையாட்டு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது ஒரே ஒரு வேலை. வருகிற ஒலியை எண்களாக்கி நினைவகத்தில் எழுதுகிறது, கொஞ்ச நேரம் கழித்து அதைப் படித்து வெளியே விடுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கருவி என்றால் ஒரு மில்லி செகண்டுக்கு 48 எண்கள், அரை செகண்டுக்கு 24,000. எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதை வைத்து நம் காது அதை முற்றிலும் வேறு வேறு விஷயமாக எடுத்துக்கொள்கிறது. எக்கோ அதில் ஒன்று, அவ்வளவுதான். டைம் குமிழ் அந்த இடைவெளி, ஃபீட்பேக் வெளிவந்ததில் எவ்வளவு மறுபடி உள்ளே போகிறது என்பது, மிக்ஸ் நேரடி ஒலிக்கும் தாமதமான ஒலிக்கும் உள்ள விகிதம். மாடுலேஷன் அந்த இடைவெளியைத் தானாகவே ஆட்டுகிறது, ரேட் அந்த ஆட்டத்தின் வேகம், டெப்த் அதன் அளவு.

இப்படிச் செய்து பாருங்கள். இரைச்சல் நிறைந்த ஒலி ஒன்று வேண்டும், சிம்பலோ டிஸ்டார்ஷன் போட்ட கிடாரோ சரியாக இருக்கும். ஃபீட்பேக் பூஜ்யம், மாடுலேஷன் பூஜ்யம், மிக்ஸ் சரிபாதி. டைம் 1 மில்லி செகண்ட். எக்கோவே கேட்காது, ஆனால் ஒலி ஏதோ குழாய்க்குள் புகுந்துவிட்ட மாதிரி மாறியிருக்கும். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மில்லி செகண்ட் என்பது சரியாக அரைச் சுற்று, ஆகவே நேரடி ஒலி மேலே போகும்போது தாமதமான ஒலி கீழே இறங்கி இரண்டும் அடித்துக்கொண்டு காணாமல் போகின்றன. 1500, 2500 ஹெர்ட்ஸிலும் இதே கதை, நடுவில் 1000, 2000 ஹெர்ட்ஸில் மட்டும் இரண்டும் கூடி வலுக்கின்றன. சீப்பின் பற்கள் போல வரிசையாகப் பள்ளம் விழும் இதுதான் கோம்ப் ஃபில்டரிங். இப்போது மாடுலேஷன் ரேட்டை நன்றாக மெதுவாக வைத்து டெப்த்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகர ஆரம்பிக்கும், கையில் ஒரு ஃபிளாஞ்சர் தயார். ஃபீட்பேக்கைக் கூட்டினால் உலோகத்தனம் ஏறும். உங்கள் பெட்டியில் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் இன்வெர்ட் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள், பள்ளமும் மேடும் இடம் மாறி, அடிப்பகுதி பேஸ் காலியாகி, ஒலி ஒரு மாதிரி பொள்ளலாகிவிடும். எல்லாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

அப்படியே டைமை 15, 20, 25 என்று ஏற்றிக்கொண்டே போனால் ஃபிளாஞ்சர் கரைந்து கோரஸ் ஆகிறது. தாமதம் கூடும்போது சுருதி லேசாக இறங்குகிறது, குறையும்போது ஏறுகிறது, அந்த ஆட்டம்தான் கோரஸின் குழைவு. மாடுலேஷனை எடுத்துவிட்டு 30 முதல் 40 வரை வைத்தால் ஒரே குரலை இரண்டு பேர் பாடிய மாதிரி தடிமனாகும். 80 முதல் 140 வரை, ஃபீட்பேக் இல்லாமல் ஒரே ஒரு அடி திரும்பி வந்தால் அது ஸ்லாப்பேக். 1950களில் அமெரிக்க ஒலிப்பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் தன் ஸ்டுடியோவில் இரண்டாவது டேப் ரெக்கார்டரை வைத்து எடுத்தது இதைத்தான். டேப் செகண்டுக்கு 15 அங்குலம் ஓடுகிறது, பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே 2 அங்குலம் இருக்கிறது என்றால் 133 மில்லி செகண்ட் தாமதம் தானாகவே வந்துவிடும்.

அதற்கு மேலே போனால்தான் நீங்கள் ஏற்கெனவே அலுத்துப்போன எக்கோ.

கேள்வி: பாட்டின் டெம்போவுக்கு டிலே டைமை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொருவரும் ஒரு சூத்திரம் சொல்கிறார்கள்.

பதில்: சூத்திரம் ஒன்றுதான். 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லி செகண்டில் கிடைக்கும். 100 பிபிஎம் என்றால் 600. பாதி பீட் 300, முக்கால் பீட் 450.

இந்த முக்கால் பீட்டில்தான் வேடிக்கையே. 100 பிபிஎம்மில் நீங்கள் பாதி பீட்டுக்கு ஒன்றாக கிடாரில் மீட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று வையுங்கள், அதாவது 0, 300, 600, 900 என்ற இடங்களில். டிலே 450-இல் இருந்தால் முதல் ஸ்வரத்தின் எக்கோ 450-இல் விழும், 300-க்கும் 600-க்கும் சரியாக நடுவில். அடுத்ததன் எக்கோ 750-இல், அதுவும் நடுவில். நீங்கள் வாசிப்பது ஒரு பங்கு, கேட்பது இரண்டு பங்கு வேகம். ஆனால் ஃபீட்பேக்கை ஏற்றினால் இரண்டாவது எக்கோ 900-இல் வரும், அது நீங்கள் அப்போது வாசிக்கும் ஸ்வரத்தின் தலைமேலேயே உட்காரும், அதற்குள் கார்டு மாறியிருந்தால் இடிக்கும். ஆகவே இந்த உத்திக்கு ஃபீட்பேக் கம்மியாக, எக்கோவின் சத்தம் நேரடி ஒலிக்குக் கிட்டத்தட்டச் சமமாக. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாக வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள்.

அப்புறம், கணக்குப் போட்டதைவிட ஒரு 10, 15 மில்லி செகண்ட் தள்ளி வைத்துப் பாருங்கள். எக்கோ தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து நடக்கும்போது பாட்டுக்கு ஒரு சோம்பல் சுகம் வரும். மிகச் சரியாக வைத்தால் டிரம்ஸ் அடியின் கீழே ஒளிந்துகொண்டு கேட்காமலே போய்விடுவதும் உண்டு.

கேள்வி: குரலில் டிலே போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வார்த்தை புரியவில்லை. மிக்ஸைக் குறைத்தால் டிலே போட்டதே தெரியவில்லை. நடுவில் ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது மிக்ஸ் குமிழில் இல்லை. முதலில் டிலேயைக் குரல் டிராக்கின் மேலேயே போடாமல் தனியாக ஒரு சென்டில் (குரலின் பிரதியை வேறொரு சானலுக்கு அனுப்பும் வழி) போடுங்கள், வெட், அதாவது தாமதமான ஒலி, நூற்றுக்கு நூறு. அப்போதுதான் திரும்பி வரும் எக்கோவைத் தனி டிராக் போலக் கையாள முடியும். அந்த எக்கோவில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். வார்த்தையின் தெளிவு ச, ட, க போன்ற ஒலிகளின் கூர்மையில் இருக்கிறது, எக்கோவிலும் அதே கூர்மை இருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற குழப்பம்தான். மழுங்கடித்துவிட்டால் எக்கோ பின்னால் போய் நிற்கும். பழைய டேப் எக்கோக்கள் குரலுக்கு இதமாக இருந்ததற்குப் பெரிய காரணம் ஒவ்வொரு சுற்றிலும் டேப் தானாகவே மேல் அலைவரிசைகளைத் தின்றுவிடுவதுதான், டிஜிட்டலில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது டக்கிங். பாடும்போது எக்கோ அமுங்கி இருக்க வேண்டும், பாடி முடித்ததும் எழ வேண்டும். 1985-இல் வந்த டிசி எலக்ட்ரானிக் 2290 டிலே இதைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தது. உங்களிடம் அது இல்லாவிட்டால் எக்கோ டிராக்கில் சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸர் ஒன்றைப் போட்டு, எப்போது அமுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் அதன் சைட்செயின் உள்ளீட்டுக்குக் குரலைக் கொடுங்கள், முடிந்தது.

இதையும் தாண்டி எனக்கு மிகப் பிடித்தது, டிலேயை எப்போதும் ஓடவிடாமல் ஒரு வரியின் கடைசி வார்த்தைக்கு மட்டும் சென்ட் ஃபேடரைத் தூக்கி இறக்குவது. அந்த ஒரு வார்த்தை மட்டும் அடுத்த வரி வரும்வரை தெறித்துக்கொண்டே போகும். எந்த வார்த்தைக்குத் தூக்குவது என்பது பாட்டைப் புரிந்துகொண்டவர் எடுக்க வேண்டிய முடிவு, எல்லா வரியிலும் தூக்கினால் அலுத்துவிடும்.

கேள்வி: பிளகின் (கணினியில் ஓடும் மென்பொருள் டிலே) போதுமா, பெட்டி வாங்க வேண்டுமா?

பதில்: போதும். கையால் திருகும் குமிழ்கள் உள்ள ஒரு சின்ன கன்ட்ரோலரை மட்டும் அதனுடன் இணைத்துக்கொள்ளுங்கள். மவுஸால் ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் நகர்த்த முடியும்.

கேள்வி: ஃபீட்பேக்கை முழுக்க ஏற்றினால் ஒரு கட்டத்தில் டிலே கத்த ஆரம்பித்து ஸ்பீக்கரே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பகுதியைப் பயன்படுத்தவே முடியாதா?

பதில்: அந்தப் பகுதிக்காகவே டிலே வாங்கியவர்கள் இருக்கிறார்கள்! முதலில் பயத்தைப் போக்கிக்கொள்வோம். டிலேக்குப் பின்னால் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர், மானிட்டர் வால்யூம் பாதி, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுங்கள். லிமிட்டர் கட்டாயம், அதில் சமரசம் வேண்டாம்.

ஃபீட்பேக் 50 சதவீதம் என்றால் ஒவ்வொரு திரும்பலும் முந்தையதைவிட 6 டெசிபல் குறைகிறது, பத்தாவது திரும்பலில் 60 டெசிபல் இறங்கி நடைமுறையில் மறைந்துவிடும். 70 சதவீதத்தில் அதே தூரம் இறங்கக் கிட்டத்தட்ட இருபது திரும்பல்கள். 100-இல் இறங்கவே இறங்காது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரிதாகும், நீங்கள் கேட்ட கத்தல் அதுதான். ஆக 95-க்கும் 105-க்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன இடத்தில்தான் கை பழக வேண்டும். ஏற்று, உறுமத் தொடங்கியதும் இறக்கு, அடங்கப் போகும்போது மறுபடி ஏற்று. ஜமைக்காவில் 1970களில் கிங் டப்பி போன்றவர்கள், பதிவான ரெக்கே பாட்டுகளை மிக்ஸிங்கிலேயே மாற்றிப் படைக்கும் டப் இசையில், மிக்ஸிங் பலகையை இப்படித்தான் ஒரு வாத்தியமாகவே வாசித்தார்கள்.

இதில் ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் ஃபீட்பேக்கை டிலேயின் உள் குமிழில் கொடுக்காதீர்கள். அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, டிலேயின் அவுட்புட்டை மிக்ஸரில் ஒரு தனிச் சானலுக்குக் கொண்டுவந்து, அந்தச் சானலிலிருந்தே மறுபடி டிலேக்குப் போகும் சென்டைத் திறந்துவிடுங்கள். இப்போது சுழற்சி முழுக்க மிக்ஸர் வழியாக நடக்கிறது, நடுவில் எதை வேண்டுமானாலும் செருகலாம். அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூவில் 800 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் தூக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் அது மட்டும் பெருகிப் பெருகிக் கடைசியில் ஊளையாகும். கீழ் ஒலிகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரைத் திருகினால் எக்கோ மெலிந்துகொண்டே போகும். டிஸ்டார்ஷன் போட்டால் முதல் எக்கோ சுத்தமாகவும் ஐந்தாவது எக்கோ நார்நாராகவும் வரும். பிட்ச் ஷிஃப்டரை அரை ஸ்வரம் மேலே வைத்தால் ஒவ்வொரு திரும்பலும் அரை ஸ்வரம் ஏறி, படிக்கட்டு ஏறுவதுபோல ஒலி மேலே போய்க்கொண்டே இருக்கும். செருகியதன் அளவு துளிதான் இருக்க வேண்டும், ஏனென்றால் அது ஒருமுறை நடப்பதில்லை, சுற்றுக்கு ஒருமுறை நடக்கிறது. ஒரே ஒரு ஸ்னேர் அடியை உள்ளே விட்டு இரண்டு நிமிடம் இப்படித் திருகிக்கொண்டே முழுவதையும் பதிவு செய்யுங்கள். அதில் பெரும்பகுதி குப்பையாக இருக்கும், நடுவில் எங்காவது நான்கு செகண்ட் அருமையாக இருக்கும், அதை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடது பக்கம் அப்படியே, வலது பக்கம் 15 மில்லி செகண்ட் தாமதம் என்று வைத்தால் கிடார் பிரமாதமாக விரிகிறது. ஆனால் போனின் ஸ்பீக்கரில் கேட்டால் சப்பென்று இருக்கிறது.

பதில்: போனில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது, கலந்ததும் முதல் கேள்வியில் சொன்ன கோம்ப் ஃபில்டரிங்தான். 15 மில்லி செகண்டுக்கு முதல் பள்ளம் 33 ஹெர்ட்ஸில், அதற்குப் பிறகு 67 ஹெர்ட்ஸுக்கு ஒன்று என்று வரிசையாக விழும். இந்த விரிவு ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து எழுதிய விஷயம்: ஏறத்தாழ 30 மில்லி செகண்டுக்குள் வரும் இரண்டாவது ஒலியைக் காது தனி ஒலியாக எடுத்துக்கொள்வதில்லை, முதலில் வந்த திசையிலிருந்தே எல்லாம் வருவதாக நினைத்துக்கொள்கிறது. தாமதமான பக்கத்தை 6 டெசிபல் குறைத்து, அதில் சில சென்ட் (இங்கே அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு) அளவுக்குச் சுருதியையும் தள்ளிவிடுங்கள். சேதம் குறையும். சரி, ஒன்று கேட்கிறேன்: அதே கிடாரை இரண்டாவது முறை வாசித்து வலது பக்கம் போட்டால் என்ன? அதற்கு எந்தப் பெட்டியும் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒன்றாகும் மோனோவிலும் தாங்கும்.

கேள்வி: டிரம்ஸ் அடியை டிலே வைத்து ஸ்வரமாக மாற்றலாம் என்று படித்தேன். நிஜமா?

பதில்: நிஜம்தான். 5 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒரு அடி திரும்பி வந்தால் செகண்டுக்கு 200 முறை வருகிறது, 200 முறை வருவதைக் காது எக்கோவாக எண்ணாது, 200 ஹெர்ட்ஸ் ஸ்வரமாகத்தான் கேட்கும். ஃபீட்பேக்கை 90-க்கு மேலே வைத்து ஒரு ரிம்ஷாட்டை (டிரம் விளிம்போடு சேர்த்து அடிக்கும் அடி) உள்ளே விடுங்கள், தந்தியை மீட்டிய மாதிரி வரும். எந்த ஸ்வரம் வேண்டுமோ அதன் ஹெர்ட்ஸால் 1000-ஐ வகுத்தால் டைம் கிடைத்துவிடும்: 220 ஹெர்ட்ஸுக்கு 4.55, 440-க்கு 2.27.

இங்கேதான் உங்கள் கருவியின் குணம் தெரியும். டைமை முழு மில்லி செகண்டாக மட்டுமே மாற்ற முடிகிற பெட்டியில் 4 வைத்தால் 250 ஹெர்ட்ஸ், 5 வைத்தால் 200 ஹெர்ட்ஸ், நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளி ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரைக்கும் ஆகும். தசமத்தில் மாற்ற முடிந்தால்தான் சுருதி சேர்க்கலாம். சுழற்சிக்குள் ஒரு லோ பாஸ் ஃபில்டர் இருந்தால் மேல் ஒலிகள் சீக்கிரம் மடிந்து இன்னும் தந்தி மாதிரியே இருக்கும், ஆனால் ஃபில்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதத்தைச் சேர்ப்பதால் சுருதி ஒரு மயிரிழை இறங்கும், டைமைக் குறைத்துச் சரிக்கட்டுங்கள். கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸாண்டர் ஸ்ட்ராங்கும் 1983-இல் வெளியிட்ட தந்தி ஒலி உருவாக்கும் முறையே இதுதான், ஒரு துளி இரைச்சல், ஒரு டிலே, ஒரு ஃபில்டர். டிரம் லூப் ஒன்றை உள்ளே விட்டு, டைமை பாட்டின் கார்டுகளுக்கு ஏற்ப நான்கு இடங்களில் மாற்றிப் பாருங்கள், டிரம்ஸே கார்டு வாசிக்கும்.

கேள்வி: குறும்படம் ஒன்றுக்கு ஒலி அமைக்கிறேன். ஆவி பேசுவதற்கு ரிவெர்ப் போட்டால் சிரிப்பாக இருக்கிறது.

பதில்: ரிவெர்ப் போட்டால் ஆவி ஏதோ கல்யாண மண்டபத்தில் பேசுவது போலத்தான் இருக்கும். எக்கோவை வார்த்தைக்கு முன்னால் கொண்டுவாருங்கள். வசனத்தின் தொடக்கத்தில் ஒரு மூன்று செகண்ட் அமைதி விட்டு, முழுவதையும் தலைகீழாகத் திருப்புங்கள். அதை 120 முதல் 180 மில்லி செகண்ட் டிலே, 60 சதவீத ஃபீட்பேக், வெட் மட்டும் என்று வைத்து வேறொரு டிராக்கில் பதியுங்கள், கடைசி எக்கோ அடங்கும் வரை நிறுத்தாதீர்கள். பிறகு அந்த எக்கோ டிராக்கை மறுபடி திருப்பி, அசல் வசனத்தோடு இடம் பொருத்துங்கள். வார்த்தை வருவதற்கு முன்பே அதன் நிழல் ஒன்று எங்கிருந்தோ உறிஞ்சியபடி வளர்ந்து வந்து வார்த்தையில் முட்டி நிற்கும். அசல் குரலில் எதுவும் போடாதீர்கள், காய்ந்தே இருக்கட்டும். முக்கியமாக, காட்சி முழுக்க இதைச் செய்யாமல் முதல் வார்த்தைக்கும் ஆவி பெயர் சொல்லும் இடத்துக்கும் மட்டும் வையுங்கள்.

கேள்வி: என் டிலேயில் ஹோல்டு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அதே துண்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. இதனால் என்ன பிரயோஜனம்?

பதில்: அழுத்தியதும் கருவி புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டு, இருப்பதையே சுற்றிச் சுற்றிப் படிக்கிறது. 1960களில் இசையமைப்பாளர் டெர்ரி ரைலியும், பிற்பாடு ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே டேப்பை ஓடவிட்டு, ஒலிமேல் ஒலியாக அடுக்கி வளர்த்தார்கள். அதற்கு ஹோல்டை விட, ஃபீட்பேக்கை 95-இல் வைத்து மிக நீண்ட டைமில் மேலே மேலே வாசித்துக்கொண்டே போவது பொருத்தம். 1983-இல் வந்த பாஸ் டிடி-2 பெடலில் அதிகபட்சமே 800 மில்லி செகண்ட்தான், நினைவகம் அன்றைக்கு அவ்வளவு விலை. இன்றைக்குச் சாதாரண கருவியிலேயே பல செகண்ட் கிடைக்கிறது.

ஹோல்டை நான் பயன்படுத்துவது வேறு விதத்தில். நீண்டு ஒலிக்கும் ஒரு ஸ்வரத்தை, அதன் தொடக்கத்து இடி கடந்த பிறகு, நடுவில் பிடித்து நிறுத்துங்கள். 300 மில்லி செகண்ட் துண்டு போதும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது டைம் குமிழைத் திருகுங்கள். சில கருவிகள் ஒரு கிளிக்கோடு புது இடத்துக்குத் தாவிவிடும், அவற்றில் சுருதி மாறாது, துண்டின் நீளம்தான் மாறும். அதை வைத்துத் திக்குவாய்த் தாளங்கள் செய்யலாம். சில கருவிகள், குறிப்பாகக் கடிகார வேகத்தையே மாற்றுகிற பழைய ரேக்குகள், வழுக்கிக்கொண்டு போகும். டைமைப் பாதியாக்கினால் அதே துண்டு இரட்டை வேகத்தில், ஒரு ஸ்தாயி மேலே. இரட்டிப்பாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே, மேல் ஒலிகள் செத்து, மந்தமாக. உங்களுடையது எந்த வகை என்று தெரிய ஹோல்டில் ஒரு வார்த்தையைப் பிடித்து டைமைத் திருகினால் போதும். வழுக்குகிற வகை என்றால் அதை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.